டீக்கறையும் தாள் பதினான்கும்

ஜனவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

இத்துடன் வரும் சின்ன டப்பாவில் ஒரு பென்டிரைவ் இருக்கிறது. பஞ்சில் சுற்றியிருக்கிறேன். பஞ்சோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். என் ஆறு வருடம் அதற்குள் இருக்கிறது.

"ஐம்பது வயசுக்கு மேல எதுக்கு வாலு உனக்குப் படிப்பு?" என்று நீங்கள் கேட்டபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போது சொல்கிறேன். இது வேலையை விட்டுவிட்டுப் படிக்கிற முனைவர் பட்டம் அல்ல. வேலையில் இருந்துகொண்டே, அந்த வேலையில் கிடக்கிற ஒரு சிக்கலை எடுத்து அதன் வேர் வரைக்கும் போவது. பாடத்தின் பெயர் தகவல் அறிவியல். என் சிக்கல் உங்களுக்குத் தெரியும். நீர்த்துறையின் குழாய் வரைபடங்கள் பதினோராயிரம் என் அறையில் இருக்கின்றன. அத்தனையையும் ஏழு வருடங்களுக்கு முன்பு கம்ப்யூட்டரில் ஏற்றினோம். பெயரைத் தட்டினால் வரைபடம் வந்து நிற்கும் என்றார்கள். நூறு முறை தேடினால் நாற்பது முறை ‘எதுவும் கிடைக்கவில்லை’ என்று வருகிறது. ஏன்? இந்த ஒரு கேள்விக்குத்தான் ஆறு வருடம்.

குழாய் பிட்டர்கள், வால்வு திருப்புகிறவர்கள், பம்ப் ஆபரேட்டர்கள் என்று முப்பத்தோரு பேரிடம் பேசிப் பதிவு செய்தேன். அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே தட்டச்சு செய்திருக்கிறேன். எழுதி முடித்ததும் குரலை அழித்துவிடுவேன் என்று அவர்களுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தேன். போன வாரம் அழித்தும்விட்டேன்.

ஜூன் 30 கடைசி நாள். இரண்டு முறை கெடு நீட்டித்தாயிற்று, மூன்றாவது கிடையாது. தவறினால் என் பதிவு ரத்து. டிசம்பரில் நானும் ஓய்வு பெறுகிறேன். என் வீட்டுக்காரர், "பட்டம் வருதோ இல்லையோ, நான் சமையல் கத்துக்கிட்டேன்" என்கிறார்.

அரசிதழ் அச்சகத்தில் முப்பத்து நான்கு வருடம் மெய்ப்புப் பார்த்த கண் உங்களுடையது. பிழை பார்த்துத் தருவீர்களா?

வாலு


ஜனவரி 17

வாலுவுக்கு,

டப்பா வந்தது. பஞ்சு தேவையற்றது. அது முட்டையல்ல.

பார்த்துத் தருகிறேன். அதற்கு முன் மூன்று விஷயம். ஒன்று, "அண்ணி, ஒரு போன் போட்டா முடிஞ்சுது" என்று முன்பு எழுதின மாதிரி மறுபடி எழுதாதே. போனில் சொன்னதற்கு மறுநாள் சாட்சி கிடையாது. தவிர, இடது காது இப்போது நினைத்தால் கேட்கிறது, இல்லாவிட்டால் இல்லை. இரண்டு, உன் ஓரங்கள் ஒழுங்காக இல்லை. கான்வென்டில் எங்கள் வகுப்பு சிஸ்டர் ஓரம் கோணலாக இருந்த நோட்டைத் திறந்துகூடப் பார்க்கமாட்டார். நான் திறந்துவிட்டேன், நீ என் வீட்டுக்காரரின் தங்கை என்பதற்காக.

மூன்றாவதுதான் பெரிது. நேர்காணல்களில் பத்துப் பக்கம் படித்தேன். பேச்சு பேச்சாகவே இருக்க வேண்டும் என்கிறாய். சரி, அதைத் தொடமாட்டேன். ஆனால் இந்த மனிதர்கள் வரைபடங்களுக்குச் சொல்லும் பெயர்கள்! ‘மாமியார்’ என்கிறார் ஒருவர். ‘பொய்சொல்லி’ என்கிறார் இன்னொருவர். ‘டீக்கறை எடுத்துட்டு வாய்யா’ என்றால் என்ன பொருள்? ஒரு பொருளுக்கு ஒரு பெயர்தான். பிறப்புச் சான்றிதழில் என்ன இருக்கிறதோ அது. உங்கள் துறையில் முறையான பெயர்ப் பட்டியல் ஒன்று இருக்குமே, அதை அனுப்பு.

அண்ணி


ஜனவரி 26

அன்புள்ள அண்ணிக்கு,

பட்டியல் இதோ, எழுபது பக்கம். முறையான பெயர்கள் வருகிற இரண்டாம் அத்தியாயத்தைச் சரிபார்க்கக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். உங்களைப் போல் யார் கேட்பார்கள்!

டீக்கறை என்றால் யாரோ டீ கொட்டிக் கறையான வரைபடம். மாமியார் யார் என்றும் கேட்பீர்கள். அதை வால்வுக்காரரிடமே கேட்டேன். அவரை எல்லோரும் ‘சாவி’ என்றுதான் கூப்பிடுகிறார்கள், ஆளுயர வால்வு சாவியைத் தோளில் வைத்துக்கொண்டே டீக்கடைக்கும் போவார். "அது ஒரு மேப் மேடம். மத்த எல்லா மேப்பும் குழாய் இடப்பக்கம் போகுதுன்னு சொன்னா, இது மட்டும் வலப்பக்கம்னு சொல்லும். தோண்டிப் பார்த்தா இது சொன்னதுதான் சரியா இருக்கும். அப்புறம் மாமியார்னு சொல்லாம வேற என்னன்னு சொல்றது?" என்றார்.

இதையெல்லாம் ஆராய்ச்சியில் ஓரத்தில் ஒரு சுவைக்காக வைத்திருக்கிறேன். தேடல் தோற்பதற்குக் காரணம் மென்பொருளின் வேகமும், நம் ஆட்களுக்குத் தட்டச்சுப் பழகாததும்தான் என்று நான்காம் அத்தியாயத்தில் நிறுவியிருக்கிறேன். என் வழிகாட்டி அவ்வளவாக ஒத்துக்கொள்ளவில்லை. அவளுக்கு முப்பத்து நான்கு வயது. என்னை ‘மேடம்’ என்று கூப்பிட்டுக்கொண்டே என் பக்கங்களை அடித்துத் தள்ளுகிறாள்.

வாலு


மார்ச் 4

வாலுவுக்கு,

முடிந்தது. பென்டிரைவைத் திருப்பி அனுப்புகிறேன், பஞ்சில்லாமல்.

அத்தியாயங்களில் நூற்றுப்பதினேழு பிழைகள். ‘எனவே’ என்ற சொல் உனக்கு மிகவும் பிடித்திருக்கிறது, இருபத்தாறை எடுத்துவிட்டேன். நேர்காணல்களில்தான் உழைப்பு அதிகம். மாடி வீட்டுப் பெண் "என்ன ஆன்ட்டி, பரீட்சைக்குப் படிக்கிறீங்களா?" என்று கேட்கும் அளவுக்கு ஐந்து வாரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். இப்போது முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரு பெயர்கூடத் தவறாக இல்லை. யார் முன்னாலும் தைரியமாக வைக்கலாம்.

நன்றி சொல்லி எழுதாதே. நான்காம் அத்தியாயம் எனக்கும் ஒப்பவில்லை. ஆனால் அது மெய்ப்புப் பார்ப்பவள் சொல்ல வேண்டியதல்ல.

அண்ணி


மார்ச் 14

அண்ணிக்கு,

இன்று வழிகாட்டியைப் பார்த்துவிட்டு வந்தேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவள் நேர்காணல்களைப் புரட்டிக்கொண்டே வந்தாள். திடீரென்று நிறுத்தி, "மேடம், இந்த வால்வுக்காரர் எவ்வளவு படிச்சிருக்கார்?" என்று கேட்டாள். எட்டாவது என்றேன். அவள் வாசித்துக் காட்டினாள்: "நாங்க ராத்திரி ஷிப்ட்ல போனா, டேய், வடக்கு மண்டல முதன்மைக் குழாய்த் தடம் இரண்டாம் தொகுதி தாள் பதினான்கை எடுத்துட்டு வாடான்னுதான் சொல்லுவோம்."

அவள் சிரிக்கவில்லை. "இது நீங்க எழுதினதா, அவர் சொன்னதா?" என்றாள்.

அண்ணி, டீக்கறை எங்கே? மாமியார் எங்கே? முப்பத்தோரு பேரும் சுற்றறிக்கை மாதிரிப் பேசுகிறார்களே! அவர்கள் வாயிலிருந்து வந்த சொல்தான் என் ஆதாரம். அதை மாற்றினால் ஆராய்ச்சியே பொய். குரல் பதிவு போய்விட்டது. பழைய ஃபைலும் இல்லை. நீங்கள் அனுப்பியதைத் திறந்துகூடப் பார்க்காமல், அதே பெயரில் பழையதன் மேலேயே ஏற்றிவிட்டேன். முப்பத்தோரு பேரையும் மறுபடி பிடித்துப் பேச ஜூன் வரை நேரம் இல்லை. நான்கு பேர் ஓய்வு பெற்று எங்கெங்கோ போய்விட்டார்கள்.

‘எழுத்துப் பிழை மட்டும்’ என்று சொல்லத் தோன்றாதது என் முட்டாள்தனம். ஆனால் ஒரு மனிதன் சொன்ன சொல்லைத் திருத்த உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

இனி எதுவும் அனுப்பமாட்டேன். உங்களுக்கும் சிரமம் வேண்டாம்.


மார்ச் 21

நாத்தனாருக்கு,

கடிதம் கிடைத்தது. கையெழுத்துப் போட மறந்திருக்கிறாய்.

தவறான பெயரைச் சரியான பெயராக மாற்றுவது குற்றமென்றால் முப்பத்து நான்கு வருடம் அந்தக் குற்றத்துக்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். நான் பார்த்த அரசிதழில் ஒரு ஊரின் பெயர், ஒரு ஆளின் பெயர் பிழையாக வந்ததில்லை.

ஒரே ஒரு பிரதியை வைத்துக்கொண்டு அதையும் அழித்தவள் நான் அல்ல. உன் ஆறாம் அத்தியாயத்தின் தலைப்பு ‘ஆவணங்களின் முந்தைய பதிப்புகளைப் பாதுகாத்தல்’. அதில் பிழை ஒன்றும் இருக்கவில்லை.

உன் அண்ணி


ஏப்ரல் 11

வாலுவுக்கு,

நேற்று உன் வீட்டுக்காரர் மாடி வீட்டுப் பெண்ணின் போனில் என்னைக் கூப்பிட்டார். வலது காதில் வைத்துக் கேட்டேன். "அக்கா, அவ எல்லாத்தையும் பெட்டில போட்டுப் பரண்ல ஏத்திட்டா. கேட்டா, ஓய்வு வாங்கிட்டு நிம்மதியா டிவி பாக்கறேன்னு சொல்றா. டிவி போட்டாலும் பாக்கறதில்ல. எனக்கு இத்தனை வருஷமா அவ கத்தறதுதான் பழக்கம். இப்படி அமைதியா இருந்தா எனக்குச் சோறு இறங்கல" என்றார். நல்ல மனிதர். உனக்குக் கொஞ்சம் அதிகம்தான்.

இரவெல்லாம் யோசித்தேன் என்று எழுதமாட்டேன், நன்றாகத் தூங்கினேன். காலையில் எழுந்து காபி போடும்போது ஒன்று தோன்றியது. அரசிதழில் ஊரின் பெயரைச் சரியாகப் போட்டது அந்த ஊர்க்காரன் தன் ஊரைத் தேடினால் கிடைக்க வேண்டும் என்பதற்காக. உன் வால்வுக்காரர் தேடுவது டீக்கறையை. நான் அதை எடுத்துவிட்டேன். ஆக நான் செய்தது தவறு. இந்தச் சொல்லை நான் எழுதி நீ பார்த்திருக்கமாட்டாய். வைத்துக்கொள்.

இதனுடன் வருவது என் திருத்தப் பதிவேடு. எங்கள் அச்சகத்தில் ஒரு விதி உண்டு. பதியாமல் ஒரு புள்ளியைக்கூட மாற்றக் கூடாது. முன்பு என்ன இருந்தது, இப்போது என்ன இருக்கிறது, எந்தப் பக்கம், எந்த வரி, எல்லாம் எழுதியாக வேண்டும். ஓய்வு பெற்றும் கை அந்த விதியை விடவில்லை. நேர்காணல்களில் நான் மாற்றியவை நானூற்றுப் பன்னிரண்டு. அவர்கள் சொன்ன பெயர் இடப்பக்கம், முறையான பெயர் வலப்பக்கம். நீ கோபத்தில் கேட்கவில்லை. நானும் கோபத்தில் சொல்லவில்லை. இரண்டு கிழவிகளின் புத்தி.

எந்தச் செல்லப்பெயர் எந்தத் தாள் என்பதை எப்படிக் கண்டுபிடித்தேன் என்று கேட்பாய். ஐந்து வாரம் அதற்குத்தான் ஆயிற்று. ‘கோயிலும் இல்லாத ஆஸ்பத்திரியும் இல்லாத ரெட்டை வளைவு’ என்று ஒருவர் எட்டாம் நேர்காணலில் சொல்வதை, இருபதாம் நேர்காணலில் இன்னொருவர் ‘மூக்குக்கண்ணாடி’ என்கிறார். இருவரும் ஒரே பள்ளத்தில் விழுந்த கதையைச் சொல்வதால் அது ஒரே தாள் என்று பிடித்தேன். உன் பட்டியலில் அதன் எண்ணும் கிடைத்தது. ஒன்று மட்டும் அகப்படவில்லை. ‘கல்யாண மேப்’. கேள்விக்குறி போட்டிருக்கிறேன்.

பெட்டியைப் பரணிலிருந்து இறக்கு. நீயாக ஏறாதே, அவரை ஏறச் சொல்.

அண்ணி


மே 6

என் தங்க அண்ணிக்கு,

எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. முதலில் மன்னிப்பு. ஆறாம் அத்தியாயம் எழுதிய கை செய்த வேலைக்கு நான் வேறு யார் மேல் பாய்வது? உங்கள் மேல் பாய்ந்தேன். நீங்கள் ‘தவறு’ என்று எழுதிய கடிதத்தை அவர் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டலாம் என்கிறார். வேண்டாம் என்றேன். அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன். பிரதி எடுத்தும் வைத்திருக்கிறேன். பாடம் கற்றுக்கொண்டேன்.

பதிவேட்டை வைத்துக்கொண்டு ஒன்பது நாளில் நானூற்றுப் பன்னிரண்டையும் பழையபடி ஆக்கிவிட்டேன். ஒரு வரி பிசகவில்லை. ஆனால் நாலாம் நாள் ஒன்று நடந்தது.

பதினொரு மணிக்கு மார்க்கெட் தெருவில் பெரிய குழாய் வெடித்துவிட்டது. கடைகளுக்குள் முழங்கால் தண்ணீர். ஒரு செருப்புக் கடையின் சரக்கு முழுக்க ஜோடி ஜோடியாகத் தெருவில் மிதந்து போனதாம். புதுப் பொறியாளர் என் அறைக்குள் ஓடிவந்தார். "மேடம், வால்வு எங்கே இருக்குன்னு தெரியல. சாவி அண்ணன் போன்ல ‘டீக்கறைல இருக்கும் பாருங்க, டீக்கறைல இருக்கும்’னு கத்தறார். கம்ப்யூட்டர்ல டீக்கறைன்னு போட்டா எதுவும் கிடைக்கலைங்குது. அவர் என்ன டீக்கடைலயா இருக்கார்?"

உங்கள் பதிவேடு என் மேஜையில் திறந்திருந்தது. இடப்பக்கம் டீக்கறை, வலப்பக்கம் தாள் பதினான்கு. நாற்பது விநாடி அண்ணி! தட்டினேன், வந்தது. இருபது நிமிடத்தில் தண்ணீர் நின்றது.

பொறியாளர் போன பிறகு நான் எழுந்திருக்கவே இல்லை. அவர் தட்டிய சொல் தேடல் பதிவில் அப்படியே இருந்தது. தட்டச்சுப் பிழை இல்லை. மென்பொருளும் வேகமாகத்தான் ‘இல்லை’ என்று சொன்னது. அந்தப் பெயர்தான் அதற்குத் தெரியாது! உடனே கடந்த வருடத்தில் தோற்றுப்போன தேடல்களின் பட்டியலை எடுத்தேன். ‘மாமியார்’, ‘பொய்சொல்லி’, ‘மூக்குக்கண்ணாடி’, ‘பழைய டீக்கறை’. நூற்றுக்கு எழுபத்தொன்று உங்கள் இடப்பக்கத்தில் இருந்தன. என் கேள்விக்குப் பதில் ஆறு வருடமாக என் ஃபைலில் சுவைக்காகக் கிடந்திருக்கிறது. அதை எடுத்து நேர் எதிரே முறையான பெயரை எழுதி வைக்க உங்களை மாதிரி ஒருத்தர் தேவைப்பட்டிருக்கிறது.

வழிகாட்டியிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். பதிவேட்டைக் கொடுத்தேன். இரண்டு பக்கம் பார்த்துவிட்டு, "மேடம், நாலாவது அத்தியாயத்தைத் தூக்கிப் போடுங்க. இதுதான் உங்க நாலாவது அத்தியாயம்" என்றாள். "இவங்களை எனக்கு அறிமுகப்படுத்தி வைங்க" என்றும் சொன்னாள். பயமாக இருக்கும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஐம்பத்தைந்து நாள் இருக்கிறது. எழுதுகிறேன், எழுதுகிறேன், எழுதிக்கொண்டே இருக்கிறேன். அவர் மறுபடி சமைக்கிறார்.

‘கல்யாண மேப்’ என்னவென்று சாவியிடம் கேட்டேன். வரைந்தவருக்கு மறுநாள் கல்யாணமாம். பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டார், தெருவின் இந்தப் பக்கம் மட்டும்தான் இருக்கிறது. தாள் 206. கேள்விக்குறியை எடுத்துவிடலாம்.

கடைசியாக ஒரு ரகசியம். நாற்பத்து நான்கு வருடம் காப்பாற்றினேன், இனி முடியாது. நீங்கள் கல்யாணமாகி வந்த புதிதில் அண்ணன் உங்களுக்கு ஒரு பெயர் வைத்திருந்தார். நீங்கள் அறைக்குள் வருவதற்கு முன்னால், "ஏய் வாலு, கெஜட் வருது, காலை மடக்கி உக்காரு" என்பார். நீங்கள் சொன்னால் அது அரசிதழில் வந்த சட்டம் மாதிரி என்பதால். கோபப்படாதீர்கள். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

வாலு


ஜூன் 30

அண்ணி,

மதியம் மூன்று மணி. கொடுத்துவிட்டேன். வாங்கிக்கொண்ட குமாஸ்தா பக்கங்களைப் பார்த்து, "ஓரம் எல்லாம் ரொம்ப அழகா இருக்கே மேடம்" என்றார். உடனே உங்களுக்கு எழுதத் தோன்றியது.

வாலு


அக்டோபர் 18

அன்புள்ள அண்ணிக்கு,

நேற்று வாய்மொழித் தேர்வு. நான்கு பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்கு மட்டும் கடுகடுத்த முகம். கடைசி வரிசையில் என் வீட்டுக்காரர், அவருக்குப் பக்கத்தில் சாவி. யூனிபாரத்தில் வந்திருந்தார். நல்லவேளை, அந்தச் சாவியை வெளியே வாசலில் சாய்த்து வைத்திருந்தார்.

கடுகடுத்த முகக்காரர் கேட்டார்: "உங்கள் ஆய்வின் முதுகெலும்பே இந்த ஒப்பீட்டுப் பதிவேடுதான். இதைத் தயாரித்தவர் எந்தப் பல்கலைக்கழகம்?"

"எங்க அண்ணி, சார்" என்றேன்.

"செல்லப்பெயர்களை முதலில் அழித்தவர் என்றும் எழுதியிருக்கிறீர்களே?"

"அவங்களேதான் சார். அழிச்சதும் அவங்க, கண்டுபிடிச்சதும் அவங்க. அதைப் பத்திரமா வைக்கத் தெரியாதது நான். மூணும் அத்தியாயத்துல இருக்கு."

அவர் என் ஆய்வேட்டை மூடி வைத்தார். பிறகு, "என் மாமியார் வீட்டுக்கு எங்கள் மகள் வைத்திருக்கும் பெயரை இங்கே சொல்ல முடியாது" என்றார். மற்ற மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். அதற்கப்புறம் அது தேர்வு மாதிரியே இல்லை. தேறிவிட்டேன் அண்ணி. திருத்தம் ஏதும் இல்லாமல்.

துறைத் தலைவர் ஆணை போட்டுவிட்டார். இனி எந்த வரைபடத்துக்கும் இரண்டு பெயரையும் ஏற்ற வேண்டும். டீக்கறை என்று தட்டினால் தாள் பதினான்கு வந்து நிற்கிறது. சாவி தினமும் ஒருமுறை வந்து ‘மாமியார்’ என்று தட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போகிறார். "கூப்பிட்ட உடனே வர்ற மாமியாரை இப்பத்தான் மேடம் பாக்கறேன்" என்கிறார்.

கட்டிய புத்தகத்தையும் உங்கள் பதிவேட்டையும் அனுப்புகிறேன். பஞ்சில் சுற்றித்தான். திட்டுங்கள்.

வாலு


அக்டோபர் 29

வாலுவுக்கு,

பார்சல் வந்தது. பஞ்சைத் தலையணைக்கு எடுத்துக்கொண்டேன்.

புத்தகத்தை முழுவதும் படித்தேன். எண்பத்தெட்டாம் பக்கத்தில் ஒன்று, இருநூற்றிரண்டில் ஒன்று. இரண்டும் அச்சுக்காரர் பிழை. பதியாமல் விடுகிறேன். இது என் வாழ்க்கையில் முதல் முறை.

நன்றியுரையில் என்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். அவ்வளவு தேவையில்லை. மாடி வீட்டுப் பெண் அதை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். இரண்டு முறை படித்தேன், அவள் காதும் சரியில்லை போலிருக்கிறது.

உன் அண்ணன் வைத்த பெயர் எனக்குத் தெரியாது என்றா நினைத்தாய்? வந்த இரண்டாம் வாரமே கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டுவிட்டேன். அப்போது இரண்டு காதும் நன்றாக இருந்தன. வேண்டுமென்றே கொலுசைச் சத்தமாகப் போட்டுக்கொண்டு வருவேன். அவர் அதைச் சொல்வதற்கு அவகாசம் வேண்டுமே. அவர் போன பிறகு ஒன்பது வருடமாக அந்தப் பெயரை யாரும் சொல்லி நான் கேட்கவில்லை. உன் மே மாதக் கடிதத்தில் எழுத்தில் பார்த்தேன். அதற்குப் பதில் எழுத இத்தனை மாதம் ஆயிற்று.

ஒரு பொருளுக்கு ஒரு பெயர்தான் என்று வாழ்நாளெல்லாம் சொன்னவள் நான். பதிவேட்டில் கடைசிப் பக்கம் காலியாக இருந்தது. இன்று காலை ஒரு பதிவு சேர்த்திருக்கிறேன். பிரதி எடுத்து அனுப்புகிறேன், மூலம் என்னிடமே இருக்கட்டும். உன்னை நம்பி ஒற்றைப் பிரதியைத் தரமுடியாது.

413. இடப்பக்கம்: வாலு.
வலப்பக்கம்: முனைவர்.
இரண்டும் நிற்கட்டும். திருத்தம் வேண்டாம்.

கெஜட்